சவப்பெட்டிக் கைப்பிடி போட்ட பேஸ்

இன்று காலை உன் பேஸின் பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பித்தளை மணம் போகவில்லை. இதை அந்த மணத்தோடுதான் எழுதுகிறேன்.

நீ சவப்பெட்டிக் கடையில் தச்சுவேலை செய்தாய். அங்கே மிஞ்சிய பலகைகளை ஒட்டி, உன்னைவிட உயரமான, பெட்டி வடிவ பேஸ் வாத்தியம் ஒன்றைச் செய்தாய். அதற்கு நரம்பு வாங்க வழியில்லை. வாவியில் மீன்பிடிக்கிறவர்களின் தடித்த நைலோன் தங்கூசியை இழுத்துக் கட்டினாய். நிற்கவைத்து உள்ளங்கையால் நீ அறைந்தால் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். எனக்குக் கிற்றாரும் பாட்டும். நிரோ நின்றபடியே ஒற்றை ட்ரம் அடிப்பான். அந்தக் கால ரொக் அன்ட் ரோலை பங்க் கோபத்தில் இரண்டு மடங்கு வேகமாக வாசித்தோம். ரொக்கபிலி என்றால் ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "பைலா வருமா?" என்பார்கள்.

"எங்களுக்கு வரும். உங்களுக்கு ஆட வருமா?" என்பாய்.

கைப்பிடிகளைப் பூட்டச் சொன்னது நான். பக்கத்துக்கு ஒன்று, சவப்பெட்டிக்குப் போடுகிற அதே கைப்பிடி. தூக்கவும் சுகம், பார்க்கிறவனுக்கும் ஒரு அடி என்றேன். "கலியாண வீட்டுக்கும் இதத்தானே மச்சான் கொண்டு போகணும்" என்றாய். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன். பூட்டினாய்.

செங்கலடிக் கலியாணத்தில் மணப்பெண்ணின் மாமா வாசலிலேயே அதைக் கண்டுவிட்டார். "என்ன மனே, பொட்டியோட வந்திருக்கீங்க? ஆரு செத்தது?" நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அவர் நம்மை உள்ளே விடவில்லை. கதை கல்குடா வரை போனது. அதன்பிறகு நம்மை ஒருவரும் கூப்பிடவில்லை. கடைச் சம்பளம் மட்டும் உன் வீட்டுக்குப் போதாது. நிரோ கொழும்பில் சாப்பாட்டுப் பொதி கொண்டு திரியப் போனான். நீ வெளிநாட்டு முகவரிடம் பாஸ்போட்டைக் கொடுத்தாய். பேஸை என்னிடம் விட்டுவிட்டு, "ரெண்டு வருசம். வந்து பிடியக் கழட்டுவம்" என்றாய்.

போய் எட்டாம் மாதம் பெட்டியில் வந்தாய். கொதிக்கிற வெயிலில் கட்டடத்தில் ஏற்றி வேலை வாங்கியவர்கள் இயற்கை மரணம் என்று எழுதியிருந்தார்கள். இருபத்தாறு வயதில் என்ன இயற்கை? கேட்கப் போன முகவர் அலுவலகத்தில், "நீர் ஆர், சொந்தமா?" என்றார்கள். அத்தோடு முடிந்தது. பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. உன் சவப்பெட்டிக் கடை முதலாளி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பலகை" என்றார்.

நாளை முப்பத்தோராம் நாள். பூசை முடிய உன் வீட்டில் வாசிக்கச் சொல்லி அன்ரி கேட்டா. "என்ட மகன்ட சத்தம் கேக்கணும்." உன்னைப்போல் எனக்கு அறைய வராது என்றேன். கைப்பிடி என் வேலை என்பதையும், அதனால்தான் நீ போனாய் என்பதையும் சொன்னேன். இப்போதே கழற்றிவிடுகிறேன் என்றேன். அன்ரி மன்னித்ததாகச் சொல்லவில்லை.

"கழட்டாத. அவன்ட பொட்டியத் தூக்க என்னை விடல்ல."

பின்னேரம் பேஸை எடுத்துப் போக அவவே வந்தா. ஒரு கைப்பிடியை நான் பிடித்தேன். நீ பிடிக்கிற பக்கத்தை அவ பிடித்தா. தெருவில் இறங்கி நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் தங்கூசி உள்ளே உறுமியது. சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி, ஓரமாக நின்று தலையைக் குனிந்தார்கள். கடைக்காரர் வானொலியை நிறுத்தினார்.

இது பேஸ் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.