எல்டர் வேலியும் உன் ஆலிவ் மரமும்

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அப்பா முழங்காலைத் தவிர மற்றபடி நலம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் ஆலிவ் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றினாரே, காரணம் இதுதான். ஆலிவுக்கு வெயில் போதவில்லை என்று ஜனவரியில் கிழக்கு வேலி எல்டர் புதர்களைத் தரையோடு அறுத்துத் தள்ளினார். பக்கத்துப் பண்ணை கிளெம் ஓடி வந்து, "தொப்பியைக் கழட்டி, எல்டருக்குள்ள இருக்கிற கிழவிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார். லிங்கன்ஷயரிலேயே பிறந்த உன் அப்பாவுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாதா என்ன? "வீட்ல ஒரு கிழவிகிட்ட கேட்டுக் கேட்டே காலம் போச்சு, வேலியில வேற ஒண்ணா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்குப் பதிலை மார்ச் மாதக் காற்று சொல்லிவிட்டது. கடலிலிருந்து வந்த உறைபனிக் காற்றைத் தடுக்க வேலி இல்லை, கிழக்கு வரிசை முழுக்கக் கருகிப்போனது, உன் கல்யாணத்தன்று நீ நட்ட மரமும் சேர்த்துத்தான்.

அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் மரம் செத்திருந்தால் மொத்த ஆலிவையும் பிடுங்கிவிட்டு பார்லி விதைத்துவிடுவேன் என்றார். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பச்சை என்றால் உயிர் இருக்கிறது. அதற்குத்தான் அவருக்குத் தைரியமில்லை. போன மாதம் நானே போய்ச் சுரண்டினேன். மேலே பழுப்பு, நடுவிலும் பழுப்பு, குனிந்து அடியில் சுரண்டினால் கணுக்கால் உயரத்தில் பச்சை! அதற்கு மேலே அறுத்துவிட வேண்டியதுதான். ரம்பத்தோடு வந்தவர் தொப்பியைக் கழற்றி, எல்டரிடம் கேட்க வேண்டியதை உன் ஆலிவிடம் கேட்டார். "தாயே, அறுக்கப்போறேன், கோவிச்சுக்காத, எம்பொண்ணு வரும்போது நீ நிக்கணும்" என்றார். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

வெட்டிய எல்டர் இப்போதே இடுப்பு உயரம் துளிர்த்துவிட்டது, கிழவிக்குக் கோபம் ஆறிவிட்டது போலிருக்கிறது. வெட்டாத மேற்கு வேலி எல்டர் பூத்துக் குலுங்குகிறது, நாளை பனி உலர்ந்ததும் சர்பத்துக்குப் பூப் பறிக்கிறோம். மேல்கிளைப் பூவைத் தேனீக்கும் பறவைக்கும் விட வேண்டும் என்ற உன் சட்டத்தை மீறவில்லை, மருந்தும் தெளிக்கவில்லை. இன்று காலை உன் மரத்தின் அடியில் மிளகளவு இரண்டு துளிர் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை, அவரே பார்க்கட்டும்.

நீங்கள் இருவரும் போன இடத்தில் வேர் பிடித்து நன்றாக இருங்கள். கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். தொப்பி விஷயம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. இதோ ஜன்னல் வழியே தெரிகிறது, மடக்கவே முடியாத முழங்காலை மடக்கி உன் மரத்தடியில் மண்டியிட்டிருக்கிறார், என் பெயரைச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார். நான் போகிறேன்.

உன் அம்மா,
தெல்மா