கரடியின் தோள்

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்கா குடும்பமும் நலம், அங்கே நீயும் உன் எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்க நலமாய் இருக்கவேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து அப்பாவுக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது என்று நினைத்துவிடாதே, மன்னித்துக்கொள், நடுக்கம் இல்லை, கை புதுசு. வீடு இடிக்கச் சம்மட்டி பிடித்தே பழகியது, பேனாவைப் பிடித்தால் தாள் கிழிகிறது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன், நான் சொல்லி அக்கா எழுதியது இல்லை. பஸ் பணிமனைக்கு மேல்மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது, சொல்லித்தருபவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். அடியாத மாடு படியாது என்பார்கள், இந்தக் கிழமாடு அடி வாங்காமலே படிந்துவிட்டது. தெருவில் ஒரு போர்டு விடுவதில்லை, சத்தமாக வாசித்துக்கொண்டே நடக்கிறேன். அது செருப்புக் கடைன்னு ஊருக்கே தெரியும், வாய மூடிட்டு வாங்க படிச்சவரே, என்று அம்மா முழங்கையால் விலாவில் இடிக்கிறாள். நான் முதன்முதலில் முழுசாக வாசித்தது நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் உன் மல்யுத்தப் போஸ்டரைத்தான். இத்தனை காலம் அது எனக்கு வெறும் படம். ஒரு பக்கம் இரும்புக் கதவு என்று உன் பட்டப்பெயர், எதிர்ப் பக்கம் கரடி என்று உன்னோடு மோதுகிறவன் பெயர். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் தாளில் பாதி போய்விட்டது.

மல்யுத்தத்துக்கு வருமுன் கம்பிவலைக் கூண்டுக்குள் நீ நிஜமாகவே போட்ட சண்டைகளை அம்மா விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தாள், நான் கண் கொட்டாமல் பார்த்தேன். மெக்கானிக் கடைக்குப் பின்னால் கிழிந்த பாய் விரித்துப் பழகியவன் நீ, முதல் சண்டையிலேயே மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் இறங்க, அதைத் துப்பிவிட்டு மறுபடியும் போய் எதிரில் நின்றாய். பிறகு ஒரு நெட்டையனின் தாடையை முழங்காலால் இடித்தாயே, அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம், காய்ந்த உத்தரம் முறியும்போது அப்படித்தான் கேட்கும். அவன் பல் தெறித்துக் கம்பிவலையில் பட்டு விழுந்தது. அவன் சாய்ந்த பிறகும் மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்திக்கொண்டே இருந்தாய், நடுவர் உன் இடுப்பைக் கட்டி இழுக்கும்வரை நிறுத்தவில்லை. இந்த வெறி யார் வீட்டுப் பக்கத்துலேருந்து வந்துச்சோ, என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். முழங்கையால் இடிப்பவள் கேட்கிற கேள்வியா இது. கடைசியில் உன் புருவம் கிழிந்து இடது கண்ணுக்குள் விழித்திரை கழன்றது, இன்னொரு குத்து விழுந்தா கண்ணு போயிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நீ கூண்டை விட்டு மல்யுத்த மேடைக்குப் போனாய். அங்கே யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வார்கள் என்றதும் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். பேசி வைத்துக்கொண்டு விழுந்தாலும் தரை தரைதான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இரும்பு நாற்காலியால் முதுகில் வாங்கினாய், ஏணி உச்சியிலிருந்து மேசைமேல் விழுந்தாய், நெற்றி ரத்தம் நல்ல கண்ணையும் மறைத்தது. ஒவ்வொரு தடவையும் தலை தரையில் மோதாமல் உன்னைத் தாங்கிப் பிடித்தவன் கரடிதான். ஜனங்களுக்கு முன்னால் ஜென்ம விரோதி, திரைக்குப் பின்னால் ஒரே தட்டில் சாப்பாடு. நம் வீட்டுக்கு வந்தவன் கட்டிலை உடைத்துவிட்டு, சண்டைன்னா ஒருத்தர் தோத்துத்தானே ஆகணும்மா, கட்டில் தோத்துடுச்சு, என்று அம்மாவிடமே சொன்னானே.

போன மாத ஆட்டத்தை அக்காவின் போனில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கரடியைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் வலது கையைப் பின்னால் வளைத்தாய். தோற்றேன், விடு என்பதற்கு அடையாளமாக அவன் தரையைத் தட்டினான். ஜனம் கத்தியது. நீ விடவில்லை. மறுபடி தட்டினான், நீ இன்னும் திருகினாய், அவன் வாய் பிளந்தது. எப்படி நடிக்கிறான் பாரு, என்று அம்மா கைதட்டினாள். தோள் எலும்பு கழன்று தோலுக்குள் வேறோர் இடத்தில் துருத்திக்கொண்டு நின்றபோதுதான் அவள் கை நின்றது. இப்போதும் சில நேரம் கைதட்டிய தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து நீ யார் போனையும் எடுக்கவில்லை. அக்காவுக்கு மட்டும், நான் கூண்டுக்கே திரும்பிப் போறேன், அங்க தட்டினா தட்டினதுதான், நடிப்பு கிடையாது, என்று போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை கரடி இங்கே போன் செய்தான். நான் அவனைத் தேற்றவேண்டியது போய், அவன்தான் என்னைத் தேற்றினான். எங்க தொழில்ல பிடி போட்டதும் விரல அழுத்துவோம்ப்பா, நல்லாத்தான் இருக்கியான்னு கேக்கறது அது, எதிராளி திருப்பி அழுத்தணும், அன்னிக்கு ஜனம் போட்ட சத்தத்துல அவன் அழுத்த மறந்துட்டான், நானும் வலி தாங்காம பேசி வச்சதுக்கு முன்னாடியே தட்டிட்டேன், ஆட்டத்துக்குச் சூடேத்துறேன்னு நெனச்சுட்டான், என்றான். உனக்குக் கோபம் இல்லையா தம்பி என்றேன். இருக்கு, ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பாக்காததுக்கு, என்றான். வலது கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம், இடது கையால் சவரம் செய்து முகமெல்லாம் வெட்டாம். அவன் நாற்காலியால அடிச்சப்பகூட இவ்வளவு ரத்தம் வரலப்பா, அந்தக் கழுதைய வந்து ஒழுங்கா சவரம் பண்ணிவிடச் சொல்லுங்க, என்று சிரித்தான். நீ கூண்டுக்குத் திரும்பப் போவதை நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவன் கூண்டுக்கு ஜெயிக்கப் போகலப்பா, அடி வாங்கப் போறான், என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு வீடு இடிக்கிற வேலைதான் ஞாபகம் வந்தது. நாங்கள் சுவரைத் தள்ளுமுன் மேலே நிற்பவன், கீழ ஆள் இருக்கா, என்று கேட்பான். கீழே நிற்பவன், யாரும் இல்ல, என்று கத்தவேண்டும். ஆள் இல்லை என்று சொல்ல ஓர் ஆள், அதுதான் எங்கள் வேலையில் முறை. பதில் வராவிட்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்த் தேடுவோம். உன்னிடமிருந்து பதில் வரவில்லை, அதனால்தான் இந்தக் கிழவன் இறங்கி வந்து எழுதிக்கொண்டிருக்கிறான். உன் கண் போனால் அவன் தோள் ஒட்டிவிடாது. இது அடி வாங்கித் தீர்க்கிற கடன் இல்லை, சவரம் செய்து தீர்க்கிற கடன். கடிதம் கிடைத்த அன்றே போ. புது பிளேடாக வாங்கிக்கொள், பழையது அவன் தாடிக்கு முன்னால் நிற்காது. தாடைக்கு அடியில் தையல் தழும்பு ஒன்று இருக்கும், அதுவும் உன் கைவரிசைதான், அங்கே மெதுவாக இழு. ஆரம்பிக்கும் முன் அவன் இடது கை விரலை அழுத்து, அவன் திருப்பி அழுத்தினால் உன் கூண்டைப் பற்றி அவனிடமே கேட்டுக்கொள், எனக்கு அவன் சொல்வது சம்மதம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே. அம்மா உனக்குத் திருஷ்டி கழித்துப் போடுகிறாள், கரடிக்கும் சேர்த்துத்தான். நீங்கள் இரண்டு பேரும் பல் விழுந்த கிழவர்களாகி, பல் வயதால் விழுந்ததா அடியால் விழுந்ததா என்று வாதாடும்வரை நன்றாக இருங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் நீ போய் வந்திருந்தால் கடிதம் சின்னதாக இருக்கும். போகவில்லை என்றால் பெரிதாக இருக்கும், என் கையெழுத்தில் அதை முழுவதும் நீ வாசித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டிருக்கும்
உன் அப்பா