கப்பல் இன்ஜினும் ஒரு டிப்ளமோவும்

இன்று காலை கரண்ட் போனதும் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். டீசல் புகை சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. லீவில் வரும்போதெல்லாம் உங்கள் பெட்டியைத் திறந்தால் அடிக்கிற அதே வாடை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகியும் உங்கள்மேல் இருக்கும் எரிச்சல் தீரவில்லை.

1989இல் பத்தாவது முடித்த கையோடு கடற்படையில் இன்ஜின் மெக்கானிக்காகச் சேர்ந்தவர் நீங்கள். பம்பாய்ப் பக்கத்து மலையூரான லோனாவாலாவில் பயிற்சி. கடலே இல்லாத ஊரில் கப்பல் இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றதைக் கல்யாணமான புதிதில் சொன்னீர்கள். "அங்கயும் மலை, நம்ம ஊர்லயும் மலை. எனக்கு வித்தியாசமே தெரியல." அப்போது சிரித்தேன்.

வேலையில் இருக்கும்போதே மேல்படிப்புக்குத் தேர்வாகி முடித்தால் அது டிப்ளமோவுக்குச் சமம், வெளியே வந்த பிறகு நல்ல இடம் கிடைக்கும் என்று சொன்னதும் நீங்கள்தான். அதைப் பிடித்துக்கொண்டேன். விசாகப்பட்டினத்துக்கும் பம்பாய்க்கும் நான் எழுதிய கடிதங்களில் மேல்படிப்பு என்ன ஆயிற்று என்ற கேள்வி இல்லாத கடிதம் கிடையாது. உங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பாத்துக்கலாம்."

பதினைந்து வருடம் முடித்து 2004இல் வந்தீர்கள். வேங்கிக்காலில் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் வேலைக்குப் பதிவு செய்யப் போனபோது நானும் கூட வந்தேன். எழுத்தர் உங்கள் காகிதங்களை நிதானமாகப் பார்த்தார்.

"பட்டதாரிக்குச் சமம்னு சர்டிபிகேட் ஒண்ணு குடுத்திருக்காங்க சார். அது ஆபீஸ் வேலைக்கு ஆகும். மிஷின் வேலைக்கு டிப்ளமோ கேக்கறாங்க."

"பதினஞ்சு வருஷம் மிஷின்லதாங்க இருந்தேன்."

"எனக்குத் தெரியுது சார். படிப்புனு இருக்கற இந்தக் கட்டத்துல என்ன எழுதறதுனு சொல்லுங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன். ஆபீஸ் வேலை வேண்டாம் என்று எழுந்துவிட்டீர்கள்.

கடைசியில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் பார்க்கிற வேலை. கப்பலை ஓட்டிய கைக்கு இதுவா என்று தினமும் சண்டை போட்டேன். "நல்லாத்தான் ஓடுது," என்பீர்கள். மோட்டாரைச் சொன்னீர்களா வாழ்க்கையைச் சொன்னீர்களா, தெரியாது. நான்கு வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் அந்த மோட்டார் ரூமிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் கழித்து, உங்களோடு ஒரே கப்பலில் இருந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் துக்கம் கேட்க வந்தார். பேச்சுவாக்கில் நான் அந்தப் படிப்பைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணி, தொண்ணூத்தேழுல அவருக்குப் பேர் வந்துதே. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அதுல சேந்தா ஆறு மாசத்துக்கு லீவு கெடையாது. உங்களுக்குப் பரீட்சை, கொழந்தையப் பாத்துக்க ஆள் இல்லன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லவே இல்லீங்களா?"

சொல்லவில்லை. தொண்ணூற்றேழில் என் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவின் கடைசிப் பரீட்சை. அம்மா கால் ஒடிந்து படுத்திருந்தார். ஒரு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு பரீட்சையே வேண்டாம் என்று நான் இருந்த வாரத்தில் திடீரென்று வந்து நின்றீர்கள். "கப்பல் ரிப்பேர்ல நிக்குது. லீவு குடுத்துட்டாங்க," என்றீர்கள். இரண்டு மாதம் குழந்தைக்குச் சோறூட்டினீர்கள், துணி துவைத்தீர்கள். அந்த இரண்டு மாதத்திலும் நான் உங்களிடம் கேட்டது, மேல்படிப்பு என்ன ஆயிற்று என்றுதான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பதினோரு வருடம் என்னை வசைபாட விட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இப்போது நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கேட்டாலும் "விடும்மா" என்பீர்கள், அதற்கும் எனக்குக் கோபம்தான் வரும்.

நம் வீட்டில் ஒரே ஒரு டிப்ளமோ இருக்கிறது. என் பெயர் போட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன்.