மூடியிருந்த உன் கை

இன்று காலை பேக்கிங் மேசையருகே நின்றிருந்தபோது எனக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. பக்கத்து மேசைப் பெண் ஓடிவந்து தைலம் தேய்த்தாள். "நரம்பு இழுத்துக்கினு கீது ஆன்ட்டி, காலை நீட்டுங்க" என்றாள். தைல வாசனை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாகச் சொன்னது: "நரம்பு இழுக்காதும்மா. நரம்பு சொல்லும். இழுக்கறது சதை." சொல்லி முடித்த பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. இன்னும் என்னைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாய்.

நான் பத்தாவதோடு நின்றவள். நீ விலங்கியல் பட்டதாரி. ஆரம்பாக்கத்தில் நம் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். ஆனால் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே மேசையில் நின்று ஒரே அட்டைப்பெட்டிகளுக்குப் பதினோரு வருடம் டேப் ஒட்டினோம். அதில் உனக்கு வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. படித்தது மறந்துபோகாமல் இருக்க நீ கண்டுபிடித்த வழி என் காது. காலை ரயிலில் லேடீஸ் பெட்டி முழுக்க சீரியல் கதை ஓடும். எனக்கு மட்டும் பாடம் நடக்கும். ஒருநாள் தப்பித்து வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனான எளாவூரில் இறங்கி ஓடிவந்து, நான் இருந்த பெட்டியிலேயே ஏறினாய். அப்படியொரு பிடிவாதம் உனக்கு.

சதைப் பாடத்தை நீ ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம கேட்ல லாரிக்குத் தார்ப்பாய் கட்டச்சொல்ல கயிறு இழுக்கறாங்களே, பாத்துகிறியா?" என்று கேட்டாய். சதைக்குள்ளும் அப்படித்தானாம். ஆக்டின் என்பது கயிறு. மயோசின் என்பது இழுக்கும் கூட்டம்; அதற்கு வரிசையாகக் குட்டித் தலைகள். ஒவ்வொரு தலையும் கயிற்றைப் பிடிக்கும், வெடுக்கென்று இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி பிடிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் விட்டுவிடாது. சில விடும்போது சில பிடித்திருக்கும். கணக்கில்லாத தலைகள் இப்படி மாற்றி மாற்றி இழுத்தால்தான் நான் ஒரு துண்டு டேப்பைக் கிழிக்க முடியும். அதைக் கேட்டு என் கையையே நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

"இதுக்கெல்லாம் தெம்பு ஏ.டி.பி.ன்னு ஒண்ணு. சாப்பாட்லேர்ந்து ஒடம்பு செஞ்சிக்கும். அது எதுக்கு வந்து தலைல ஒட்டணும், சொல்லு பாக்கலாம்?"

"இழுக்கறதுக்குத்தான். இது தெரியாதா?"

"தப்பு. வுடறதுக்கு. அது வந்து ஒட்டினாத்தான் தலை கயித்தை வுடும். அப்பறம் அதை ஒடச்சிதான் அடுத்த இழுப்புக்கு நிமிரும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிடித்ததை விடுவதற்கு எதற்கடி தெம்பு, விரலை விரித்தால் போச்சு என்று கம்பெனி கேட் வரை சண்டை போட்டேன். அந்தத் தெம்பு வராவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "பிட்ச்சது பிட்ச்சபடி நின்னுடும். செத்தவங்க ஒடம்பு வெறைக்குதே, அதான் அது" என்றாய். "காலங்காத்தால இன்னாடி சாவுப் பேச்சு, பேஜாரு" என்று உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ சிரித்தாய். எனக்கு அன்று உண்மையிலேயே எரிச்சல்தான்.

எட்டு மாதத்துக்கு முன், அந்தச் சனிக்கிழமை விடியலில் உனக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஓடிவந்தபோது உன் கை துவண்டு கிடந்தது, தூங்குகிறவர்களின் கை மாதிரி விரல்கள் பாதி மடங்கி. சென்னை ஹாஸ்டலிலிருந்து உன் மகள் வந்து சேர மதியமாகிவிட்டது. அதற்குள் நீ விறைத்திருந்தாய்.

பக்கத்து வீட்டிலிருக்கும் உன் அக்காதான் ஜெபமாலையை உன் கையில் கோத்துவைக்கப் பார்த்தார். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, "ஜெபமாலையக்கூட வாங்க மாட்டேன்றாளே! மனசுல எதையோ புட்ச்சிகினே பூட்டாளே!" என்று கதறினார். அழுகையில் வந்த வார்த்தை அது. உன் அக்கா கெட்ட மனுஷி இல்லை. ஆனால் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த உன் மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து சமையலறைக்குள் போனாள். நானும் போனேன்.

"ராத்திரி போன்ல சண்டை ஆன்ட்டி. படிப்பை வுட்டுட்டு வேலைக்குப் போறேன்னேன். அம்மா முடியாதுன்னாங்க. உன் டிகிரி உனக்கு இன்னா குட்த்துச்சு, டப்பாக்கு டேப்பு ஒட்டினுதான கீறேன்னு கேட்டுட்டேன். அப்படியே போனை வெச்சிட்டாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் மேல கோவத்துலதான் பூட்டாங்க. கையைப் பாத்தீங்க இல்ல?"

தேற்றுவதற்கு எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. வந்தது உன் பாடம்தான். கயிறு, தலை, தெம்பு எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறி ஒப்பித்தேன். "காலைல நான் வரச்சொல்ல கை தொளதொளன்னு கெடந்துச்சு, என் கண்ணால பாத்தேன். கோவத்துல மூடின கைன்னா அப்பவே இறுகியிருக்கணும். இது வுடறதுக்குத் தெம்பு இல்லாத சதை. வேற ஒண்ணுமில்ல."

"இதெல்லாம் யாரு சொன்னது ஆன்ட்டி?"

"உங்கம்மாதான். நீ கேட்டியே, அந்த டிகிரில இருந்துச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். அழவிட்டு, பிறகு கூட்டிவந்து உன் பக்கத்தில் உட்காரவைத்தேன். விறைத்த உடம்பைக் குளிப்பாட்டுகிறவர்கள் செய்கிற வழி எனக்குத் தெரியும்: வெடுக்கென்று இழுக்காமல், மூட்டு மூட்டாக நீவி நிமிர்த்த வேண்டும். அவளையே செய்யச் சொன்னேன். சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். வெகுநேரம் ஆனது. ஐந்தாவது விரலும் நிமிர்ந்தபோது உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் ஓரத்தில் டேப் அறுத்து அறுத்து வந்த காய்ப்பு மட்டும் இருந்தது. அதை அவள் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜெபமாலையை அவளே கோத்தாள். உன் அக்கா ஜெபத்தைத் தொடங்கினார்.

அவள் படிப்பை விடவில்லை. உன்னுடைய அதே விலங்கியல்தான், இரண்டாம் வருடம் நடக்கிறது. போன மாதம் வகுப்பு முடிந்த கையோடு போன் செய்தாள். "ஆன்ட்டி, மைக்ராஸ்கோப்புல அமீபா பாத்தேன். கையும் இல்ல காலும் இல்ல, ஜோரா ஊந்துகினு போவுது. உள்ள அதே ஆக்டின், மயோசின் வேலையாம். நம்ம ரத்தத்துல வெள்ளையணுகூட இப்படித்தான் போவுமாம்." நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். பாதி புரியவில்லை. அதனால் என்ன, உன்னிடமும் ம் கொட்டித்தானே பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா கை விஷயத்தை வுடுங்க ஆன்ட்டி, அது புரிஞ்சிபோச்சு. மனசுல? அம்மாக்கு மனசுல கோவம் இருந்துச்சா?"

அதற்கு உன் பாடத்தில் பதில் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்: "இருந்திருக்கும்டி. உன்னோட சண்டை போட்ட மறுநாளெல்லாம் வண்டி ஏறினதும் உன்னைத்தான் திட்டுவா. ஆனா எளாவூர் வரதுக்குள்ள வாயை மூடிக்குவா. அங்க வண்டி நின்னதும் உனக்கு போன் போட்டு, சாப்ட்டியான்னு கேப்பா. ஒரு ஸ்டேஷன் தூரம்தான் உங்கம்மா கோவம்."

நீ போன அந்தச் சனிக்கிழமையும் நமக்கு வேலை நாள்தான். நீதான் வண்டி ஏறவில்லை. அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தை இப்போது தினமும் உனக்காக நான் போகிறேன். எளாவூரில் வண்டி நின்றதும் உன் பெண்ணுக்கு போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.