ஒரு நாழித் தவிடு

படத்துக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

தென்காசியில் வெயில் ஏறிவிட்டது. குற்றாலத்தில் பாறைதான் தெரிகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன் அப்பா. பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோயிலில் கூடும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க, ஒரு வம்சாவளிப் புத்தகம் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர்களைக் கொடுத்து, யார் யாருக்குப் பிள்ளை என்று இணைத்தால் போதும். வாக்கியங்களை அதுவே எழுதிவிடும். ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் மகனாகப் பிறந்தார்.’ பிள்ளை யாரையும் இணைக்காத தம்பதி என்றால், ‘இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.’

ஆங்கிலத்தில் இருந்த அந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதி உள்ளே வைத்தவன் நான்தான். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு என் பெயர் வந்தது.

உங்களோடும் அம்மாவோடும் இணைத்தேன். சித்தப்பா பெயருக்குக் கீழே வந்து நின்றது: இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவரோடு இணைத்துப் பார்த்தேன். அது உங்கள் பெயருக்குக் கீழே வந்து நின்றது. என்னை எடுத்தே விட்டேன். இரண்டு இடத்திலும் நின்றது.

நம் தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளைத் ‘தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று கேலி செய்வார்கள். நம் வீட்டில் மட்டும் அந்தக் கேலி கிடையாது. எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

சித்திக்கு முதலில் பிறந்த இரண்டும் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டன. அடுத்தது நான். பிள்ளை தங்க வேண்டுமானால் இன்னொருத்தி கையில் கொடுத்துத் தவிடு வாங்கிக்கொள்வது வழக்கம். வாங்கியவள் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பித் தருவாள். அம்மா வாங்கினாள். சித்தியின் முந்தானையில் ஒரு நாழித் தவிடு விழுந்தது. அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வந்தேன்.

அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. நீங்கள் திருப்பித் தரவில்லை. சித்திக்கு அப்புறம் பிள்ளையும் இல்லை.

மென்பொருளில் உறவின் வகையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. ஒரு வீட்டில் ‘பிறப்பு’, இன்னொரு வீட்டில் ‘தத்து’ என்று போட்டால் இரண்டோடும் இணைக்கலாம். போட்டேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“தத்தா? எவ சொன்னா? பத்திரமா எழுதுனோம்? ஒனக்கு நெஞ்சுல சளி கட்டுனப்ப தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது ஆருலே?”

“அப்ப ‘வளர்த்தார்கள்’னு போடட்டாம்மா?”

“போடு, போடு. ஆட்டுக்குட்டியும்தான் வளத்தோம். அதையும் பக்கத்துலயே போடு.”

அச்சன்புதூருக்குப் போனேன். சித்தி காப்பி கொடுத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். அவள் என் முன்னால் உட்கார மாட்டாள். ஏன் என்று தெரியாது.

“தத்துன்னா முழுசாக் குடுத்துட்டோம்னுல்லாய்யா ஆவும்? நான் பேருக்குத்தான குடுத்தேன். அக்கா கையில நல்லாத் தங்கிட்ட. திருப்பிக் கேட்டா ஒனக்கு எதும் ஆயிருமோன்னு பயந்து கெடந்தேன்.”

“சும்மா கெடட்டி. அவன் மூஞ்சியப் பாரு,” என்றார் சித்தப்பா.

சித்தி ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரியும். நீங்கள் ஏன் தரவில்லை? உங்களுக்கும் அதே பயமா? அல்லது அம்மாவின் முகமா?

போன ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போனேன். சித்தப்பாவும் கூட வந்தார். அருவி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி ஐயர் கேட்டார், “தகப்பனார் பேரு?” பக்கத்தில் சித்தப்பா. நான் அவரைப் பார்த்தேன்.

“எங்கண்ணன் பேரச் சொல்லுலே. என்னத்துக்கு முழிக்க?”

சொன்னேன். அதற்கு மேலே உள்ள பெயர்களை அவரும் என்னோடு முணுமுணுத்தார். உங்களுக்கும் அவருக்கும் மேலே எல்லாம் ஒரே பெயர்கள். ஒரு படியில்தான் நான் சிக்கியிருக்கிறேன்.

திரும்பும்போது கேட்க வாயெடுத்தேன். “உங்களுக்கு, பின்னால…”

“எனக்கா? அருவி தானா எறைச்சுக்கிடும். நீ துண்டப் பிழி. சட்டையெல்லாம் ஈரமாவுது பாரு.”

இப்போது தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். எழுதுகிறேன், அழிக்கிறேன். எந்த வார்த்தையைப் போட்டாலும் ஒரு வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே இருப்பதும் நான், வெளியே நிற்பதும் நான்.

நேற்று ஒன்று செய்தேன். ‘குழந்தைகள் இல்லை’ என்ற வாக்கியத்தை மொத்தப் புத்தகத்திலிருந்தும் நீக்கினேன். வாசுதேவநல்லூர் அத்தையின் பெயருக்குக் கீழே இருந்ததும் போயிற்று. அங்கே அது நின்றதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை அப்பா. நான் எழுதிய வாக்கியம்.

ஒருவருக்கு மட்டும் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. எனக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘பிழைக்கட்டும் என்று பெற்றவள் கொடுத்தாள். வாங்கியவள் பிழைக்க வைத்தாள்.’ இன்னும் யாரிடமும் காட்டவில்லை. அம்மா முதல் வாக்கியத்திலேயே எழுந்துவிடுவாள். சித்தி இரண்டாவதில் அழுவாள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தியையும் சித்தப்பாவையும் நம் வீட்டுக்கு அழைத்து வருவேன். இந்த முறை சித்தி உட்காரட்டும், அம்மாவுக்குப் பக்கத்தில், உங்கள் படத்துக்குக் கீழே. வாசிப்பேன். கொடுத்தது பேருக்கா, நிஜமாகவா என்று இத்தனை வருஷம் யாரும் கேட்காததையும் கேட்பேன். யார் எழுந்து போனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒரு நாழித் தவிட்டுக்கு வந்து,
திரும்பிப் போகாத
உங்கள் மகன்