அப்பாவின் வலது தோள்

மேன்மை தங்கிய அண்ணனுக்கு,

பிசியோதெரபி செய்முறைத் தேர்வில் நீதான் வகுப்பிலேயே முதல் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாழ்த்துகள். வலியே இல்லாத நண்பனின் கையைத் தூக்கிக் காட்டுவது பெரிய வித்தைதான்.

பக்கவாதம் வந்த அப்பாவின் தோளைப் போன மாதம் ஒரே ஒரு முறை தொட்டாய். அவர் அலறினார். உடனே "படிக்கணும்மா" என்று விடுதிக்கு ஓடிவிட்டாய். இப்போது பயிற்சி வீடியோ அனுப்புகிறாய். அதில் உன் தலைமுடி மிக அழகாக இருக்கிறது.

நீ விட்டுப்போன பாடநூலைப் பார்த்து நான்தான் தினமும் அவர் கையைத் தூக்கிவிடுகிறேன். தோள் இறுகிக்கொண்டே வருகிறது.

இரண்டு நாட்களாக அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு சத்தமே போடுவதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பழகிக்கிறேன்டி. அன்னைக்கு நான் கத்தினதுலதான் புள்ள பயந்துட்டான்."

கேட்டாயா டாக்டரே? உனக்காக நோயாளி பயிற்சி எடுக்கிறார்.

எனக்கு அவருடைய அலறல்தான் அளவு. அவர் கத்தாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அது உனக்குத் தெரியும் என்கிறார்கள். சனிக்கிழமை வந்து சேர்.

இப்படிக்கு,
இன்னும் ஓடாத உன் தங்கை