எட்டில் ஐந்து

ஏப்ரல் 6, 2020
லிமாவில் ஊரடங்கு வந்து மூன்று வாரம். பஸ் இல்லை. ஊருக்குப் போக முடியாமல், வேலை பார்க்கும் வீட்டிலேயே கிடக்கிறேன். இன்று இந்த வீட்டுக் குழந்தை அன்டோனெல்லாவுக்குக் கம்ப்யூட்டரில் மூன்றாம் வகுப்பு தொடங்கியது. "எழுந்து ஓடிடுவா, பக்கத்துலயே உக்காந்துக்கோ லுஸ்மிலா" என்றார் அவள் அம்மா, சென்யோரா மிர்தா. உட்கார்ந்தேன். என் மகள் எடித்துக்கும் மூன்றாம் வகுப்புதான்.

ஏப்ரல் 19
எங்கள் மலையூர் ஹுவான்காவெலிக்காவிலிருந்து நாத்தனார் ஃபெலிசியானா பேசினாள். எடித் அவளிடம்தான் இருக்கிறாள். அங்கே ரேடியோவில் பாடமாம். "மலை மறைக்குது அண்ணி. கொர்ருன்னு சத்தம்தான் வருது." எடித் ஆடு மேய்க்கிறாள்.

ஏப்ரல் 27
அன்டோனெல்லாதான் சொன்னாள்: "உன் போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சிடு. எடித்தும் கேக்கட்டுமே." எங்கள் ஊர் மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும். காலையில் எடித் அத்தையின் போனோடு ஏறினாள். இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டாளாம்.

மே 8
மேட்டில் காற்று. சத்தம் அறுந்து அறுந்து போகிறதாம். ஆனாலும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். எனக்கே வராது.

மே 21
டீச்சர் ஒரு ரொட்டியை எட்டாக வெட்டி, மூன்று துண்டைத் தின்றால் மீதி எவ்வளவு என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. போனிலிருந்து எடித் கத்தினாள் — "எட்டுல அஞ்சு!" சரியான விடை. ஆனால் ஸ்பானிஷில் சொல்லாமல், எங்கள் மலைப் பேச்சான கெச்சுவாவில் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. ஒரு பிள்ளை, "ஆட்டுக்காரி யாரோ வந்துட்டா" என்றது. நான் போனைப் பொத்தினேன். ஏன் பொத்தினேன்? "என் பொண்ணுங்க டீச்சர்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய் வரலையே!

மே 22
"தப்பா எடுத்துக்காதே லுஸ்மிலா. மத்த பெத்தவங்க கேள்வி கேக்குறாங்க. இனிமே வேணாம்" என்றார் சென்யோரா. "சரிங்க சென்யோரா" என்றேன்.

ஜூன் 2
நானே பாடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எடித் போனுக்கே வரவில்லை.

ஜூலை 20
பஸ் விட்டுவிட்டார்கள். "இப்பப் போனா வேற ஆளைத்தான் வைக்கணும்" என்றார் சென்யோரா. வைத்துக்கொள்ளட்டும். அன்டோனெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை.

ஜூலை 23
எடித் வளர்ந்திருக்கிறாள். பாடம் எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்தேன். "ஆடு பசியா இருக்கும்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 22
இந்த வருடம் எல்லோருக்கும் தேர்ச்சியாம். "ஒண்ணுமே படிக்காமயா?" என்று எடித்தே கேட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆகஸ்டோடு தீர்ந்துபோயிருந்தது.

மார்ச் 14, 2022
இரண்டு வருடம் கழித்துப் பள்ளி திறந்தது. எடித்துக்குப் பத்து வயது. கணக்குப்படி ஐந்தாம் வகுப்பு. புது வாத்தியார் ஒரு தாளைப் படிக்கச் சொன்னார். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். "கொஞ்ச நாள் ரெண்டாவதுல உக்காரட்டும்மா. குறைச்சலா நினைக்காதீங்க" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகளின் மேசை; முழங்கால் இடித்தது. இரண்டு கால்களையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.